ஊர்ப்பக்கத்து விலைவாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஊர்களில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. குழுக் கூட்டத்தில் தவணைப் பேச்சு முடிந்ததும் விலைவாசிப் பேச்சு தொடங்கிவிடும். வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் கேட்பதும் அதையேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, கீழே எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் எங்கள் பக்கத்தவை: தென்னை, கொஞ்சம் நெல், பூ, ஆடு மாடு, நூறு நாள் வேலை, திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ போன பிள்ளைகள்.

"கிராமத்துல எல்லாம் கொல்லையிலயே விளையுமே, உங்களுக்கு என்ன பெரிய விலைவாசி?"

கொல்லை இருந்தால்தானே விளையும்? எங்கள் குழுக்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டுமனையைத் தவிர வேறு நிலம் கிடையாது. நிலம் இருப்பவர்களும் அதில் தென்னையோ மல்லிகையோ வைத்திருக்கிறார்கள். தென்னந்தோப்பில் துவரம்பருப்பு காய்க்காது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் ஒட்டன்சத்திரம் மாதிரி தூரத்துச் சந்தைகளில் லாரி ஏறி, டவுன் மொத்தக் கடையில் இறங்கி, அங்கிருந்து டாட்டா ஏஸில் ஊருக்கு வருகிறது. முருங்கைக்கீரையும் வாழைப்பூவும் வேண்டுமானால் காசில்லாமல் கிடைக்கும்.

அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2023-24-இல் இந்தியக் கிராமத்தில் ஒரு ஆளுக்கு மாதம் சராசரியாக 4,122 ரூபாய் செலவு, நகரத்தில் 6,996 ரூபாய். அதில் சாப்பாட்டுக்குப் போவது கிராமத்தில் சுமார் 47 சதவீதம், நகரத்தில் சுமார் 40. அதாவது குறைவாகச் செலவு செய்கிறவர்தான் அதில் பெரும்பங்கை வயிற்றுக்குக் கொடுக்கிறார். பருப்பு, எண்ணெய் விலை ஏறினால் அடி முதலில் விழுவது அவருக்குத்தான்.

"ரேஷன்ல அரிசி சும்மா குடுக்கறாங்க, பருப்பு எண்ணெய் கம்மி விலைக்கு கிடைக்குது. அப்புறம் என்ன குறை?"

குறை சொல்வதற்கு முன் ஒன்று. ரேஷன் மட்டும் இல்லையென்றால் எங்கள் ஊர்களில் பல வீட்டில் அடுப்பு எரியாது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் பருப்பு 150, 180 என்று போனபோதும் இந்த விலை மாறவில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். நாலு பேர் இருக்கும் கார்டுக்கு 20 கிலோ அரிசி. உடம்பு வளைத்து வேலை செய்கிற நாலு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோவாவது உலை வைக்க வேண்டும். மாதம் 37 கிலோ. மிச்சத்தை வெளியில்தான் வாங்க வேண்டும். பருப்பும் எண்ணெயும் கார்டுக்கு ஒரு கிலோ, ஒரு லிட்டர். சில மாதம் அதுவும் கடைசி வாரத்தில்தான் வந்து சேரும். புளி, மிளகாய், மல்லி, மீன், முட்டை, சோப்பு, சிலிண்டர், வண்டிக்குப் பெட்ரோல், பிள்ளைகளின் வேன் கட்டணம் எதுவும் ரேஷனில் கிடையாது. விலை ஏறுவது இவற்றில்தான்.

அரிசி பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்குமான சிப்பமிட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. உடனே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. 26 கிலோ மூட்டைக்கு வரி கிடையாது. முழு மூட்டை வாங்கக் காசு இருப்பவருக்கு வரி மிச்சம். அஞ்சு கிலோ, பத்து கிலோ பை வாங்குகிறவர் வரியோடு வாங்குகிறார்.

"எங்க ஊர்க் கடையில டவுனைவிட எல்லாம் அஞ்சு பத்து கூடத்தான் இருக்கு. கடைக்காரர் கொள்ளையடிக்கிறாரா?"

பெரும்பாலும் இல்லை. அவரே டவுன் மொத்தக் கடையில் பத்துக் கிலோ, இருபது கிலோ என்று வாங்கி வருகிறவர். வண்டி வாடகை, எடைக் குறைவு, விற்காமல் வாடிப்போகும் காய்கறி எல்லாம் விலையில் ஏறும். இதைவிடப் பெரிய காரணம் பற்று நோட்டு. ஊர்க் கடையில் பாதி வியாபாரம் கடன். வாரக் கூலி வந்தால்தான் பணம் வரும், சிலரிடம் தேங்காய் வெட்டினால்தான். அந்தக் காத்திருப்புக்கான வட்டி தனியாக எழுதப்படுவதில்லை. பொருளின் விலையிலேயே கலந்திருக்கும்.

நான் பார்த்த வரையில் ஊரில் விலைவாசியின் மையமே இந்த இடம்தான். ஒரு பொருள் என்ன விலை என்பதைவிட, கையில் காசு எப்போது இருக்கிறது என்பது பெரிய விஷயம். மாதச் சம்பளக்காரர் முதல் தேதி அஞ்சு லிட்டர் எண்ணெய் டின் வாங்குகிறார். கூலிக்குப் போகிற அக்கா சாயங்காலம் வீடு திரும்பும்போது பாட்டிலை நீட்டி 30 ரூபாய்க்கு எண்ணெய் ஊற்றச் சொல்கிறார். அதே எண்ணெய்க்கு லிட்டர் கணக்கில் அவர்தான் அதிகம் கொடுக்கிறார். கீழே வரும் பல பதில்களில் இதற்கே திரும்ப வருவேன்.

டவுனுக்குப் போய் வாங்கலாமே என்றால், 2021 மே முதல் பெண்களுக்கு அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் இப்போது பலர் போகிறார்கள். சந்தை நாளில் பஸ்ஸில் பார்த்தாலே தெரியும். ஆனால் மினி பஸ் மட்டுமே ஓடுகிற ஊருக்கு அந்தச் சலுகை எட்டாது, மினி பஸ் தனியாருடையது.

"டிவியில பணவீக்கம் குறைஞ்சிருச்சுங்கறான். எந்தக் கடையில குறைஞ்சிருக்கு?"

இரண்டு பேரும் சொல்வது சரிதான். பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம். வேகம் குறைந்தால் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை, மெதுவாக ஏறுகிறது என்றுதான் அர்த்தம். நாடு முழுக்கச் சில்லறைப் பணவீக்கம் 2022-23-இல் 6.7 சதவீதம், 2023-24-இல் 5.4, 2024-25-இல் 4.6. எண் இறங்கிக்கொண்டே வருகிறது பாருங்கள். ஆனால் கணக்குப் போட்டால், இந்த மூன்று வருஷத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் கடைசியில் ஏறக்குறைய 117 ரூபாய் 60 காசு. வேகம் குறைந்துகொண்டே போனது, விலை ஏறிக்கொண்டே போனது.

2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். கிராமத்துக்கு மட்டும் எடுத்தால் மைனஸ் 0.25. அதாவது போன வருஷம் அதே மாதத்தைவிடக் கொஞ்சம் குறைவு. காரணம் பெரும்பாலும் காய்கறி. பணவீக்கத்தை அளக்க அப்போது இருந்த, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டில் கிராமத்துக்குச் சாப்பாட்டின் பங்கு 54 சதவீதத்துக்கு மேல். அதனால் தக்காளி, வெங்காயம் விழுந்தால் மொத்த எண்ணும் விழும். ஆஸ்பத்திரிச் செலவும் டியூஷன் காசும் விழுவதில்லை. வீட்டில் நோயாளி இருப்பவரிடம் போய் விலைவாசி குறைந்துவிட்டது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

"விலை ஏறுனா விவசாயிக்கு நல்லதுதானே? வாங்குறவங்க புலம்பலாம், விக்கிறவன் ஏன் புலம்பணும்?"

எங்கள் தேங்காய்க் கதையைச் சொன்னால் இது புரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறி மேற்கே போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி என்று வழியெங்கும் தென்னை வேரோடு சாய்ந்தது. விழுந்த மரத்தை அறுத்து அகற்றுவதற்கே கடன் வாங்கினார்கள். அப்புறம் கன்று வைத்தார்கள். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும்.

2025-இல் தேங்காய் விலை யாரும் பார்த்திராத உயரத்துக்குப் போனது. 2024 வெயில், வெள்ளை ஈ, வாடல் நோய் எல்லாம் சேர்ந்து தென்மாநிலங்கள் முழுக்கக் காய்ப்பைக் குறைத்திருந்தன. கடையில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. புயலில் தப்பிய தோப்பு வைத்திருந்தவருக்கு நல்ல காலம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். புதுக் கன்று வைத்தவருக்கு அப்போதுதான் பாளை வெடிக்கிறது. விலை ஏறியதே காய் இல்லாததால்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. காய் இருந்தபோது விலை இல்லை, விலை வந்தபோது காய் இல்லை. தோப்பில் உரிக்கப் போகிறவருக்கோ காய்க்கு இவ்வளவு என்றுதான் கூலி. காய் குறைந்தால் அவர் கூலியும் குறையும். அந்தக் குறைந்த கூலியில்தான் குழம்புக்குத் தேங்காய் வாங்க வேண்டும்.

தக்காளி இன்னும் மோசம். 2023-இல் கோடை வரைக்கும் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாத விலை. ஜூலையில் கடையில் கிலோ நூறைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. முதலில் விலை விழுந்து பலர் தக்காளியை விட்டதால்தான் பின்னால் வரத்துக் குறைந்து விலை எகிறியது. முதலில் நட்டப்பட்டவரும் பின்னால் லாபம் பார்த்தவரும் ஒரே ஆள் கிடையாது.

"யூரியா விலை ஏறவே இல்லையே, அப்புறம் ஏன் சாகுபடிச் செலவு கூடிக்கிட்டே போகுது?"

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. பல வருஷமாக அதேதான், மானியம் தாங்கிப் பிடிக்கிறது. டிஏபி 50 கிலோ 1,350 ரூபாயில் நிற்கிறது. ஆனால் சாகுபடி என்பது யூரியா மட்டும் இல்லையே. உழவு டிராக்டர், நடவு, அறுவடை மெஷின் மணி வாடகை எல்லாம் டீசலோடு கட்டப்பட்டவை. பூச்சி மருந்துக்குக் கட்டுப்பாட்டு விலை கிடையாது. தட்டுப்பாடு வந்தால் சில கடைகளில் "இந்தச் சத்து டப்பாவையும் சேர்த்து வாங்கினால்தான் யூரியா" என்பார்கள். அப்போது 266 ரூபாய் மூட்டை உண்மையில் 266 ரூபாய் கிடையாது. மின்சாரம் இலவசம், அது பெரிய ஆறுதல். ஆனால் பம்ப்செட் இணைப்புக்குக் காத்திருப்பவர் டீசல் ஊற்றுகிறார்.

நெல்லுக்கு 2025-26-இல் மத்திய அரசின் ஆதார விலை சாதா ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து 2,500. அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த விலை. மழைக்காலத்தில் நெல்லைக் காயவைக்க இடமில்லாதவர், கைமாற்றுக் கொடுத்தவனுக்கு நாளைக்கே பதில் சொல்ல வேண்டியவர், களத்துக்கு வருகிற வியாபாரியிடம் வந்த விலைக்குப் போட்டுவிடுகிறார். காசு எப்போது வேண்டும் என்பது விற்கும்போதும் விலையைத் தீர்மானிக்கிறது.

"நூறு நாள் வேலைக் கூலியை வருஷா வருஷம் ஏத்துறாங்களே, அது போதாதா?"

கூலி ஏறியிருக்கிறது, உண்மைதான். தமிழ்நாட்டுக்கு 2022-23-இல் 281 ரூபாய், அப்புறம் 294, 319, 2025-26-இல் 336. மூன்று வருஷத்தில் கிட்டத்தட்ட 20 சதவீதம். மேலே சொன்ன பணவீக்க எண்களோடு வைத்துப் பார்த்தால் கூலி விலைவாசிக்குப் பின்தங்கவில்லை. இந்த இடத்தில் கூலியைக் குறை சொல்கிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

பிரச்சினை வேறு இரண்டு. ஒன்று, நூறு நாளும் கிடைப்பதில்லை. கிடைத்த நாளிலும் அளவு எடுத்துப் பார்த்துவிட்டு முழுக் கூலியைவிடக் குறைவாகப் போடுவதுண்டு. இரண்டு, தாமதம். 2024 நவம்பர் கடைசியிலிருந்து பல மாதம் தமிழ்நாட்டுக்குக் கூலிப் பணம் வராமல் நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. பொங்கல் அப்படித்தான் போனது. அந்த மாதங்களில் ஊர்க் கடைப் பற்று நோட்டு தடித்தது, கம்மல் அடகுக்குப் போனது. பணம் பின்னால் வந்தது. அதற்குள் ஓடிவிட்ட வட்டி திரும்பி வரவில்லை. தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று சட்டத்தில் இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு நாளைக்கு 50 காசு.

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேறியது. நாள் எண்ணிக்கை 125. ஆனால் நடவு, அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். செலவில் 40 சதவீதத்தை மாநிலம் ஏற்க வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது 125 என்ற எண்ணை விட, உங்கள் ஊராட்சியில் எத்தனை நாள் வேலை வருகிறது, எத்தனாவது நாள் பணம் ஏறுகிறது என்பதை.

"சிலிண்டர்தான் இருக்கே, ஏன் இன்னும் விறகு அடுப்புல புகையில கிடக்கறீங்க?"

தென்னை ஊரில் மட்டையும் பாளையும் கொட்டாங்குச்சியும் காசில்லாமல் கிடைக்கின்றன. சிலிண்டருக்கு ஒரே நாளில் மொத்தமாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும். சென்னை விலைப்படி வீட்டுச் சிலிண்டர் 2023 நடுவில் 1,118 ரூபாய் 50 காசு. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 குறைந்தது, 2024 மார்ச்சில் இன்னும் 100 குறைந்தது, 2025 ஏப்ரலில் 50 ஏறி 868.50 ஆனது. ஊருக்குள் கொண்டுவந்து இறக்க ஆள் தனியாகக் கேட்பார். ஏழைப் பெண்களுக்கு மத்திய அரசு தந்த உஜ்வலா இணைப்பு என்றால் 300 ரூபாய் மானியம் கணக்கில் ஏறும். அதுவும் முதலில் முழுக்காசு கொடுத்தபின்தான்.

அதனால் பெரும்பாலான வீட்டில் இரண்டு அடுப்பு. டீ, அவசரச் சமையல், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் என்றால் காஸ். வெந்நீர், சோறு, மாட்டுக்குத் தீனி என்றால் விறகு. ஒரு சிலிண்டரை மூன்று மாதம் இழுப்பார்கள். புகை உடம்புக்குக் கேடு என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

"பால் விலையை ஏத்துனாங்களே, மாடு வச்சிருக்கிறவங்களுக்கு ஏன் கையில நிக்கல?"

2023 டிசம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் லிட்டர் 35-இலிருந்து 38 ஆனது. இது 4.3 சதவீதம் கொழுப்பு, 8.2 சதவீதம் கொழுப்பல்லாத இதரச் சத்து உள்ள பாலுக்கு. அளவு குறைந்தால் விலையும் குறையும், பல நாள் குறையும். தவிடு, புண்ணாக்கு, கலப்புத் தீவனம் எல்லாம் கடைச் சரக்கு. மெஷின் அறுப்பு வந்தபிறகு வைக்கோலும் கட்டுக் கணக்கில் காசுக்கு வாங்குவதாகிவிட்டது. வீட்டு ஆளின் உழைப்புக்குக் கூலி போட்டால் ஒரு மாடு இரண்டு மாடு வைத்திருப்பவர் கணக்கு நட்டம்தான் காட்டும். இருந்தும் வைத்திருக்கிறார்கள், காரணம் மேலே சொன்னதுதான்: பால்காசு பத்து நாளைக்கு ஒரு தரம், பதினைந்து நாளைக்கு ஒரு தரம் தவறாமல் கைக்கு வருகிறது.

"தங்கம் ஏறிப் போச்சு. நாலு பவுன் வச்சிருக்கேன், அப்ப நானும் பணக்காரிதானே?"

2025 டிசம்பரில் சென்னையில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2024 தொடக்கத்தில் அது ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. நாலு பவுனை விற்கப் போகிறீர்கள் என்றால் பணக்காரிதான். யாரும் விற்பதில்லை, அடகு வைக்கிறார்கள். அங்கேதான் ஆபத்து. விலை ஏற ஏற அதே நகைக்குக் கூடுதல் கடன் தருகிறார்கள். பழைய அடகைத் திருப்பி, உடனே பெரிய தொகைக்கு மறு அடகு வைத்து, வித்தியாசத்தை மளிகைக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் செலவு செய்வதை நிறையப் பார்க்கிறேன். நகை அதே நகை. கடன் மட்டும் இரண்டு மடங்கு.

ஒரு லட்சம் விலையில் பவுனுக்கு 75 ஆயிரம் வாங்கினால், 12 சதவீத வட்டிக்கு மாதம் 750 ரூபாய். அந்த 750 ரூபாயைக் குடும்பச் செலவில் எழுதிப் பாருங்கள், எண்ணெய்க்கும் பருப்புக்கும் ஆகிற செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விவசாயத்துக்கு வாங்குவதானால் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள். பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. கூட்டமும் காகிதமும் அதிகம், ஆனால் அலைகிற அலைச்சலுக்கு லாபம் உண்டு. கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பவுன் எண்ணிக்கையைக் குறைக்கத் துணிந்த சம்பந்தி கிடைத்தால் பாக்கியம்.

"குழு லோன் எடுத்து கடைக்கடனையும் தண்டலையும் அடைச்சிடலாமா?"

எந்தக் குழு என்பதைப் பொறுத்தது. ஊரில் எல்லாவற்றையும் குழு என்றுதான் சொல்கிறோம். மகளிர் சுய உதவிக் குழு சேமித்து, வங்கியில் வாங்குகிற கடன் ஒன்று. வாரம் ஒரு தரம் ஆள் வந்து வசூலிக்கிற தனியார் நுண்கடன் இன்னொன்று. முதலாவதில் வட்டி குறைவு. இரண்டாவதில் பெரும்பாலும் இருபது சதவீதத்துக்கு மேல். கையெழுத்துப் போடுமுன் ஆண்டு வட்டி எவ்வளவு என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள், தர வேண்டியது அவர்கள் கடமை.

தண்டலை அடைப்பது மட்டும் நல்ல யோசனைதான். 10,000 என்று சொல்லி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். ஆயிரம்தானே போகிறது என்று தோன்றும். நீங்கள் தினமும் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், ஆண்டுக் கணக்கில் இது 75 சதவீதத்துக்கும் மேல் வட்டி. கடைப் பற்றை அடைக்க மட்டும் நுண்கடன் எடுக்காதீர்கள். கடைக்காரர் ஒரு வாரம் பொறுப்பார், வாரத் தவணை பொறுக்காது.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வரக் கூடாது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமே வந்தது. வாசலில் உட்கார்ந்து அசிங்கப்படுத்தினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். தனியாகப் போகாமல் குழுவாகச் சேர்ந்து போங்கள்.

"மொய்க்கே வருஷத்துக்கு எவ்வளவோ போகுது. அதை நிறுத்துனா என்ன?"

நிறுத்த முடியாது என்பதைக் கேட்டவரும் அறிவார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் மொய் விருந்து நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமல், மொய் வாங்குவதற்காகவே பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவது. ஒருவர் ஏறக்குறைய அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் நடத்துவார். வந்தவர்கள் அவரிடம் வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் எழுதுவார்கள். அதில் ஆழ்துளைக் கிணறு போட்டவர், வீடு கட்டியவர், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவர் எல்லாம் உண்டு. வட்டியில்லாமல் பெரிய தொகை கிடைக்க ஏழைக்கு வேறு என்ன வழி இருக்கிறது? அதனால் இதை வீண்செலவு என்று நான் சொல்வதில்லை.

விலைவாசி இதைக் கெடுக்கிறது இரண்டு வழியில். கறி விலை ஏறியதால் விருந்துச் செலவே வரவில் பெரும்பகுதியைத் தின்கிறது. இதனால்தான் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துகிறார்கள். அப்புறம், அஞ்சு வருஷத்துக்கு முன் எழுதிய ஆயிரத்துக்கு இன்றைக்கு அதே மதிப்பு இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்பதால் மேலே எழுதுகிற தொகை கூடிக்கொண்டே போகிறது. கூலிக்காரர் வீட்டில் ஆடி மாதம் கையில் காசில்லாத மாதம். அந்த மாதத்தில்தான் பத்து இடத்து மொய் பாக்கி வந்து விழும். மொய் செய்யக் கடன் வாங்குவது தொடங்கிவிட்டால் வட்டியில்லாப் பணம் என்ற பேச்சே போய்விடுகிறது. என் யோசனை: மொய் நோட்டை எடுத்து அடுத்த ஆடிக்கு யார் யாருக்கு எவ்வளவு என்று இப்போதே எழுதிவைத்து, மாதா மாதம் தனியாக எடுத்துப் போடுங்கள். புதிதாக எழுதும் தொகையைக் குறைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், பழைய பாக்கியைக் குறைத்தால்தான் பேச்சு வரும்.

"உரிமைத்தொகை ஆயிரம் வருது, மூணாம் நாளே காணோம். எங்க போகுது?"

சிலிண்டருக்கு, இல்லையென்றால் வாரத் தவணைக்கு. குடும்பத் தலைவிகளுக்கு மாநில அரசு 2023 செப்டம்பர் 15-இல் மாதா மாதம் தரத் தொடங்கிய ஆயிரம் அது. 2025 கடைசியில் அதே ஆயிரத்துக்கு அந்த அளவு சாமான் வராது. ஆனாலும் தேதி தவறாமல் வருகிற காசு என்பதால் கடைக்காரர் அதை நம்பிக் கடன் தருகிறார். அந்த நம்பிக்கைக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. வங்கிக் கணக்கில் பழைய கடனுக்கோ குறைந்தபட்ச இருப்புக்கோ பிடித்துக்கொண்டால் சும்மா விடாதீர்கள், பாஸ்புக்கை எடுத்துப்போய்க் கேளுங்கள்.

"சரி, எங்க குறைக்கறது? எல்லாத்தையும் குறைச்சுப் பாத்தாச்சு."

பெரும்பாலான வீட்டில் முதலில் குறைவது முட்டை, பால், பழம். அப்புறம் அம்மாவின் பிரஷர் மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாகும். இந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வெளியில் மாதம் சில நூறு கொடுத்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

குறைக்க வேண்டியது வட்டியை. எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் தீர்க்க வேண்டும். சின்னக் கடன்தானே என்று தண்டலைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. அடுத்தது, சேர்ந்து வாங்குவது. எங்களிடம் ஒரு குழு, பொதுச் சேமிப்பிலிருந்து எண்ணெய் டின்னும் பருப்பு மூட்டையும் டவுனில் மொத்தமாக எடுத்து, உறுப்பினர்களுக்கு வாரக் கூலி நாளில் பிரித்துக் கொடுக்கிறது. காசை வாரக் கணக்கில் கட்டுகிறார்கள். பிரித்து அளப்பதில் சண்டை வரும். மனத்தாங்கல் இல்லாமல் நடத்த தராசு நம்பிக்கையான ஒரே கையில் இருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அஞ்சு ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் விலை குறையாது, உள்ளே கிராம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பாட்டிலில் விலையே குறைந்திருக்க வேண்டும்.

"பேசாம குடும்பத்தோட திருப்பூர் போயிட்டா என்ன?"

இரண்டு பேருக்கு வேலை உறுதி என்றால் யோசிக்கலாம், ஒருவருக்கு மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஊரில் வாடகை இல்லை, தண்ணீருக்குக் காசில்லை, விறகு இருக்கிறது. மாத வாடகையும் முன்பணமும் மட்டுமே ஒருவர் சம்பளத்தில் பெரிய பங்கை எடுத்துவிடும். பலர் செய்கிற மாதிரி ஒருவர் முதலில் போய் ஆறு மாதம் பார்த்துவிட்டு மற்றவர்கள் போவது நல்லது. பள்ளி மாற்றத்தைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது ரேஷன் கார்டை ஊரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். ஆனால் அப்பா அம்மா பெயரும் அதே கார்டில் இருந்தால், நீங்கள் அங்கே வாங்கிய சாமானை அந்த மாதம் அவர்கள் இங்கே மறுபடி வாங்க முடியாது. அவர்கள் ஊரிலேயே இருப்பதாக இருந்தால் கிளம்பும் முன் பெயரைப் பிரித்துத் தனிக் கார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். புதுக் கார்டு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும்.